ஓட்டு காணாமல் போகும் வழி: கென்யாவின் படிவம் 34ஏ சொல்லும் கணக்கு

2007 டிசம்பர் 27 அன்று கென்யாவில் அதிபர் தேர்தல் நடந்தது. மோலோ தொகுதியில் ஓட்டுகளைக் கூட்டி முடித்தபோது ஐரோப்பிய ஒன்றியத்தின் பார்வையாளர்கள் அங்கே இருந்தார்கள். பதவியில் இருந்த அதிபர் முவாய் கிபாகிக்கு 50,145 ஓட்டு என்று தொகுதியில் அறிவித்தார்கள். பார்வையாளர்களும் குறித்துக்கொண்டார்கள். பிறகு நைரோபியில் தேசிய அளவில் முடிவுகளை வாசித்தபோது, அதே மோலோவில் கிபாகிக்கு 75,261 ஓட்டு. மோலோவிலிருந்து தலைநகரம் போய்ச் சேர்வதற்குள் 25,116 ஓட்டு பிறந்திருந்தது. நாடு முழுவதும் சேர்த்து கிபாகி ஜெயித்ததாகச் சொன்ன வித்தியாசமே 2,31,728 தான்.

டிசம்பர் 30 மாலை முடிவை அறிவித்தார்கள். இருட்டுவதற்குள் பதவியேற்பும் நடந்துவிட்டது. அடுத்த இரண்டு மாதக் கலவரத்தில் 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். தென்னாப்பிரிக்காவின் ஓய்வுபெற்ற நீதிபதி யோஹான் க்ரீக்லர் தலைமையிலான விசாரணை ஆணையம் மாதக்கணக்கில் தோண்டிப் பார்த்துவிட்டு, உண்மையில் யார் ஜெயித்தார் என்று சொல்ல வழியே இல்லை என்று எழுதியது. இரண்டு கட்சிகளும் தத்தம் கோட்டைகளில் பெட்டியை நிரப்பியிருந்தன. மேலே போன கணக்கும் கெட்டுப்போயிருந்தது.

மோலோவில் திருட்டு பிடிபட்டதற்குக் காரணம் ஒன்றுதான். கீழே அறிவித்த ஓர் எண், மேலே இருப்பவர்களின் கைக்கு எட்டாத ஒரு நோட்டில் பதிவாகியிருந்தது. தேர்தல் கண்காணிப்பு என்ற பெரிய தொழிலில் மிகவும் பயனுள்ள பகுதி இதுதான். ஆனால் பணமும் ஆட்களும் கேமராக்களும் போய்ச் சேர்வது வேறு இடத்தில்.

பார்வையாளர் என்ன செய்கிறார்

வெளிநாட்டுக் குழு எதுவும் தானாக வந்து இறங்க முடியாது. அந்த நாட்டு அரசோ தேர்தல் ஆணையமோ அழைக்க வேண்டும். அழைப்பு வந்ததும் முதலில் ஒரு சிறு குழு போய், கண்காணிக்கும்படியான சூழல் இருக்கிறதா என்று பார்த்து வரும். பிறகு சட்டம், ஊடகம், புள்ளிவிவரம், பாதுகாப்பு, தேர்தல் நடைமுறை ஆகியவற்றில் தேர்ந்த பத்துப் பதினைந்து பேர் தலைநகரில் அலுவலகம் போடுவார்கள். தேர்தலுக்குப் பல வாரங்கள் முன்பே நீண்டகாலப் பார்வையாளர்கள் இரண்டிரண்டு பேராக மாவட்டங்களுக்குப் போவார்கள். ஒரு ஜோடியில் இருவரும் ஒரே நாட்டவராக இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய நடைமுறை. ஓட்டுப்பதிவு நாளில் தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது கடைசி வாரத்தில் வந்து சேரும் குறுகியகாலப் பார்வையாளர்களை.

2005 அக்டோபர் 27 அன்று நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட சர்வதேசக் கண்காணிப்புக் கோட்பாடுகள், பார்வையாளர் தலையிடவே கூடாது என்கின்றன. தன் கண்முன்னால் ஒருவர் பத்து ஓட்டைப் பெட்டிக்குள் திணித்தாலும் "நிறுத்து" என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. குறித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். தடுத்தால் அவரும் அந்தத் தேர்தலில் ஒரு கட்சியாகிவிடுவார் என்பதுதான் காரணம். கேட்கும்போது கோபம் வந்தாலும், வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது ஜோடி, ஒரு நாளில் ஜோடிக்குப் பத்து சாவடி என்றால் 500 சாவடி. கென்யாவில் 2017-ல் 40,883 சாவடிகள். ஆக, நூற்றுக்கு ஒன்றேகால். அதிலும் ஒவ்வொரு சாவடியிலும் அரை மணி நேரம்தான். ஓட்டு எண்ணும்போது ஒரு ஜோடி ஒரு சாவடியில்தான் உட்கார முடியும். அதாவது நாற்பதாயிரத்தில் ஐம்பது.

சாவடிக்குள் இருக்கும் அந்த அரை மணியில் பார்க்க நிறைய உண்டு. காலியான பெட்டியை எல்லாருக்கும் காட்டினார்களா? முத்திரை எண்ணைக் கட்சி முகவர்கள் எழுதிக்கொண்டார்களா? விரலில் மை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஓட்டுச்சீட்டு தருகிறார்களா? பெட்டியின் துளைக்குக் கீழே சீட்டுகள் அடுக்காகக் கிடந்தால் அது கெட்ட அறிகுறி. ஒவ்வொருவராக மடித்துப் போட்ட சீட்டுகள் சிதறித்தான் விழும். கட்டாகப் போட்டவை கட்டாகவே கிடக்கும். மாலை நாலு மணி வரை காத்தாடிய சாவடியில் ஐந்து மணிக்கு 95 சதவீதம் என்றால், வரிசையில் நின்றவர்கள் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை நிமிடம் என்று பெருக்கிப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடைசிக் கணக்குச் சரிபார்ப்பு. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, பயன்படுத்தாத சீட்டுகளை எண்ணிக் கட்டி முத்திரை வைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், மேசையில் கிடக்கும் வெற்றுச் சீட்டு எண்ணும் குவியலுக்குள் நுழைய வழி கிடைத்துவிடும். உதாரணமாக, சாவடிக்கு வந்தவை 700 சீட்டு, மிச்சம் 180, கெட்டுப்போய்த் திருப்பித் தந்தவை 4. பெட்டியில் 516 இருக்க வேண்டும். 513 இருந்தால் யாரோ மூன்று பேர் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். 560 இருந்தால் அதற்கு நல்ல விளக்கம் கிடைப்பது கடினம். கென்யாவில் ஒரே நாளில் ஆறு பதவிகளுக்கு, ஆறு நிறச் சீட்டுகளில், ஆறு பெட்டிகளில் ஓட்டுப் போடுகிறார்கள். நிறம் மாற்றிப் போடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். ஆகவே ஒரு பெட்டியில் கூடி இன்னொன்றில் குறைந்தால், ஆறையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் சந்தேகப்பட வேண்டும்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும், அந்தச் சாவடியில் பதிவானவை அதிகபட்சம் 700 ஓட்டு. சாவடி சாவடியாகத் திருடுவதற்கு ஆள் வேண்டும், சாட்சிகள் உண்டாவார்கள், செலவும் அதிகம். தொகுதிக் கூட்டலில் ஐந்தை எட்டாக்க ஒருவர் போதும்.

மூன்று படிவங்கள்

2007-க்குப் பிறகு கென்யா அந்த வழியை அடைக்கப் பார்த்தது. ஒவ்வொரு சாவடியிலும் எண்ணி முடித்ததும் தலைமை அலுவலர் படிவம் 34ஏ எழுத வேண்டும். வேட்பாளருக்கு எத்தனை, செல்லாதவை எத்தனை, பதிவானவை எத்தனை என்று நிரப்பி, அவரும் முகவர்களும் கையெழுத்திட வேண்டும். முகவர்களுக்குப் படி தர வேண்டும். ஒரு படியைச் சாவடிக் கதவில் ஒட்ட வேண்டும். 290 தொகுதிகளிலும் 34ஏ-க்களைக் கூட்டி 34பி. அவற்றையெல்லாம் நைரோபியில் கூட்டினால் 34சி, அதாவது நாட்டின் முடிவு. 2017 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு இன்னும் வலுவூட்டியது: கீழே அறிவித்த எண்தான் இறுதி, தேசிய ஆணையம் கூட்டலாம், மாற்ற முடியாது.

இதோடு 'கீம்ஸ்' என்ற கருவியும் வந்தது. காலையில் கைரேகை பார்த்து வாக்காளரை அடையாளம் காணும் அதே கருவியில், மாலையில் தலைமை அலுவலர் எண்களைத் தட்டி, 34ஏ-வைப் படமெடுத்து, இரண்டையும் சேர்த்துத் தொகுதிக்கும் நைரோபிக்கும் அனுப்ப வேண்டும். எண்ணும் படமும் ஒன்றாகப் போனால் நடுவில் யாரும் கை வைக்க முடியாது என்பது திட்டம்.

2017 ஆகஸ்ட் 8 அன்று ஓட்டுப்பதிவு. அதற்குப் பத்து நாள் முன்புதான், இந்தக் கணினி அமைப்புக்குப் பொறுப்பாக இருந்த ஆணைய அதிகாரி கிறிஸ் ம்சாண்டோ கொலை செய்யப்பட்டிருந்தார். சுமார் 11,000 சாவடிகளில் தேவையான செல்போன் சிக்னல் கிடைக்காது என்று ஆணையம் கடைசி நேரத்தில் சொன்னது; அங்குள்ள அலுவலர்கள் சிக்னல் உள்ள இடத்துக்குப் போய் அனுப்ப வேண்டும். ஓட்டுப்பதிவு முடிந்த இரவே ஆணையத்தின் இணையதளத்தில் எண்கள் கொட்ட ஆரம்பித்தன. எண்கள் மட்டும். அவற்றோடு வர வேண்டிய படங்கள் ஆயிரக்கணக்கில் வரவில்லை.

ஆகஸ்ட் 10 அன்று வெளிநாட்டுக் குழுக்கள் தங்கள் முதல் அறிக்கைகளை வெளியிட்டன. தேர்தல்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான கார்ட்டர் மையத்தின் சார்பில் அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி, ஆப்பிரிக்க ஒன்றியத்தின் சார்பில் தென்னாப்பிரிக்காவின் முன்னாள் அதிபர் தாபோ எம்பெக்கி, காமன்வெல்த் சார்பில் கானாவின் முன்னாள் அதிபர் ஜான் மஹாமா என எல்லாரும் பெரிய பெயர்கள். ஓட்டுப்பதிவு அமைதியாக, ஒழுங்காக நடந்தது என்றார்கள். தோற்றவர்கள் தெருவுக்குப் போகாமல் நீதிமன்றம் போகட்டும் என்றார்கள். கூட்டல் இன்னும் முடியவில்லை என்ற எச்சரிக்கையும் அந்த அறிக்கைகளில் இருந்தது. ஆனால் செய்தித் தலைப்புகளில் முதல் பத்திதான் ஏறியது. ஆணையம் முடிவை அறிவித்ததே மறுநாள், ஆகஸ்ட் 11 அன்று: பதவியில் இருந்த அதிபர் உஹுரு கென்யாட்டா 54.27 சதவீதம், எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்கா 44.74.

ஏன் இந்த அவசரம்? ஐரோப்பியக் குழுக்கள் ஓட்டுப்பதிவு முடிந்து ஓரிரு நாளில் முதல் அறிக்கை தருவது நெடுநாள் வழக்கம். பத்திரிகையாளர்கள் அதுவரைதான் இருப்பார்கள். குறுகியகாலப் பார்வையாளர்களுக்கு விமான டிக்கெட் அடுத்த நாளுக்குப் போட்டிருக்கும். கண்காணிப்பு மிகவும் தேவைப்படும் நாட்களில் கண்காணிப்பவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். விரிவான இறுதி அறிக்கை மாதக்கணக்கில் கழித்து வரும்போது அதைப் படிக்க ஆள் இருக்காது.

ஒடிங்கா நீதிமன்றம் போனார். நீதிபதிகள் கூட்டலையோ கூட்டத்தையோ பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றப் பதிவாளர் படிவங்களை எடுத்து வைத்துப் பரிசோதித்தபோது, ஐம்பதுக்கும் மேற்பட்ட 34பி படிவங்களில் ஆணையமே அச்சிட்டு வைத்த நீர்க்குறி இல்லை. சிலவற்றில் வரிசை எண் இல்லை, சிலவற்றில் கையெழுத்து இல்லை. நாட்டின் முடிவைச் சொன்ன 34சி-யிலேயே நீர்க்குறியும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. இணையதளத்தில் செல்லாத ஓட்டுகள் 4,77,195, 34சி-யில் 81,685. இணையதளத்தில் காட்டியது முடிவு அல்ல, வெறும் புள்ளிவிவரம் என்று ஆணையத் தரப்பு சமாளித்தது. சர்வரைப் பார்க்கத் திறந்துவிடுங்கள் என்ற நீதிமன்ற உத்தரவை ஆணையம் முழுதாக நிறைவேற்றவில்லை.

2017 செப்டம்பர் 1 அன்று, தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையில் நான்குக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பதவியில் இருக்கும் அதிபரின் வெற்றியை ஆப்பிரிக்காவில் ஒரு நீதிமன்றம் ரத்து செய்தது அதுவே முதல் முறை. தேர்தல் என்பது ஒரு நாள் நிகழ்ச்சி அல்ல, தொடக்கம் முதல் முடிவு வரையிலான நடைமுறை என்பது தீர்ப்பின் சாரம். மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஞோக்கி ந்டுங்கு, அசல் படிவங்களை எடுத்துப் பார்த்தால் புகார்களில் பல நிற்கவில்லை என்றார். பெரும்பான்மைத் தீர்ப்பும் கென்யாட்டா தோற்றார் என்று சொல்லவில்லை. ஜெயித்தார் என்று இந்தக் காகிதங்களை வைத்து நம்ப முடியாது என்றுதான் சொன்னது. அக்டோபர் 26 அன்று நடந்த மறுதேர்தலை ஒடிங்கா புறக்கணிக்க, கென்யாட்டா 98 சதவீதம் வாங்கினார்.

ஒரு சோறு பதம்

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாதவர்கள் உள்நாட்டுப் பார்வையாளர்கள். கென்யாவின் சிவில் அமைப்புகள் சேர்ந்து நடத்தும் எலாக் கூட்டமைப்பு, சுமார் 1,700 சாவடிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் காலை முதல் முடிவு ஒட்டும்வரை ஓர் ஆளை உட்கார வைத்தது. அவர்கள் கதவில் ஒட்டிய எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். அந்த மாதிரிக் கணக்கின்படி கென்யாட்டாவுக்கு 54 சதவீதம், இரண்டு புள்ளி முன்பின். அறிவித்த முடிவோடு அது பொருந்தியது. நடைமுறை கெட்டிருந்தது என்பதும் எண் ஏறக்குறைய சரியாக இருந்திருக்கலாம் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். கென்யாவில் இரு தரப்பும் இதை ஒப்புக்கொள்ள மறுத்தன.

1980-களில் பிலிப்பைன்ஸிலும் சிலியிலும் வளர்ந்த உத்தி இது. 1986-ல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸுக்கு எதிரான தேர்தலில், நாம்ஃப்ரெல் என்ற தன்னார்வ அமைப்பு சாவடி முடிவுகளைத் தனியாகக் கூட்டியது. அரசுத் தேர்தல் ஆணையத்தின் கணினிப் பணியாளர்கள், தாங்கள் ஏற்றும் எண்ணும் பலகையில் வரும் எண்ணும் வேறாக இருக்கிறது என்று வேலையை விட்டு எழுந்து வெளியேறினார்கள். 1988-ல் சிலியில், ராணுவ ஆட்சியாளர் பினோசே தொடரலாமா என்ற பொதுவாக்கெடுப்பன்று எதிர்க்கட்சிகள் சொந்தக் கணக்கை வைத்திருந்ததால், அரசு தன் எண்ணை அதிக நேரம் அடக்கி வைக்க முடியவில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நன்றாகக் கிளறிய பானைக்குத்தான் பொருந்தும். ஒரே சாவடியில் ஓட்டுப் போடுகிறவர்கள் ஒரே ஊர்க்காரர்கள், பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கிறவர்கள். ஆகவே 1,700 சாவடிகளில் சில லட்சம் ஓட்டுகள் இருந்தாலும், தனித்தனியாகப் பொறுக்கிய சில லட்சம் பேரின் துல்லியம் அதற்கு வராது. இரண்டு புள்ளி பிழை நிற்கும். இன்னொரு சிக்கல், வந்து சேராத சாவடிகள். சாலையும் சிக்னலும் இல்லாத ஊர்களின் கணக்கு தாமதமாகும். அந்த ஊர்கள் எல்லாம் ஒரே கட்சிக்குச் சாய்கிறவையாக இருந்தால், அவை வருமுன் சொல்லும் கணக்கு தவறாகவே இருக்கும். எண்ணுவதற்கு முன்பே பெட்டியில் கள்ள ஓட்டு விழுந்திருந்தால், இந்தக் கணக்கு அதையும் சேர்த்து நேர்மையாக எண்ணித் தரும். சாவடிக்கும் தலைநகரத்துக்கும் நடுவில் நடக்கும் திருட்டை மட்டும்தான் அது பிடிக்கும். 50 சதவீதத்தைத் தாண்டினாரா இல்லையா என்பது அரைப் புள்ளியில் நிற்கும் போட்டியில் அதுவும் உதவாது.

தாமதமாக வரும் சாவடிகள் பார்வையாளர்களையே கவிழ்த்தது பொலிவியாவில். 2019 அக்டோபர் 20 தேர்தலில், அதிபர் எவோ மொராலஸ் பத்துப் புள்ளி முந்தினால் இரண்டாம் சுற்று தேவையில்லை. விரைவு எண்ணிக்கை ஏறக்குறைய 84 சதவீதத்தில் நின்றபோது அவர் எட்டுப் புள்ளி அளவில் முந்தியிருந்தார். ஒரு நாள் இருட்டடிப்புக்குப் பிறகு எண்ணிக்கை மீண்டும் ஓடியபோது பத்தைத் தொட்டுவிட்டார். இது விளங்காத திருப்பம் என்று அமெரிக்க நாடுகள் அமைப்பின் குழு உடனே அறிக்கை விட்டது. நாடு பற்றி எரிந்தது. நவம்பர் 10 அன்று மொராலஸ் பதவி விலகினார். கடைசியில் வந்த சாவடிகள் அவருக்குச் சாயும் கிராமங்கள், அந்த ஏற்றம் எதிர்பார்த்ததுதான் என்று பிறகு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே குழுவின் தணிக்கை, அறிவிக்காத சர்வர்களையும் ஒரே கையால் நிரப்பிய படிவங்களையும் கண்டுபிடித்ததும் உண்மை. காகிதத்தில் கிடைத்த சான்று வலுவானது, போக்கை வைத்துச் சொன்ன சந்தேகம் பலவீனமானது; நாட்டைக் கவிழ்த்தது பலவீனமானதுதான்.

ஒயிட்னர்

மலாவியில் 2019 மே 21 அன்று நடந்தது கணினி சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. பதவியில் இருந்த அதிபர் பீட்டர் முத்தாரிக்கா 38.57 சதவீதம், எதிர்க்கட்சியின் லாசரஸ் சக்வேரா 35.41; வித்தியாசம் சுமார் 1.59 லட்சம் ஓட்டு. எதிர்த்தரப்பு முடிவுப் படிவங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, எண்களின் மேல் ஒயிட்னர் பூசி, அது காய்ந்தபின் வேறு எண் எழுதியிருந்தது. ஒன்றிரண்டு அல்ல, கட்டுக்கட்டாக. டிப்பெக்ஸ் என்பது ஒயிட்னரின் பிராண்ட் பெயர்; அந்த நாட்டு மக்கள் அதற்கு 'டிப்பெக்ஸ் தேர்தல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இது எப்படி நடக்கும் என்று புரிந்துகொள்ளச் சதிக்காரர்களைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. தலைமை அலுவலர் விடியுமுன் எழுந்தவர். நள்ளிரவில், விளக்கு வெளிச்சத்தில், கணக்கு இடிக்கிறது. இடித்த கணக்கோடு போனால் மேலே வாங்க மாட்டார்கள். ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து இடிக்காமல் ஆக்கிவிடுவார். உண்மையான திருடனும் இதையேதான் செய்வான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே அடையாளம். அதனால்தான் விதி கறாராக இருக்கிறது: தவறான எண்ணை ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்த பின்னும் அது படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சரியானதை எழுதி அலுவலரும் முகவர்களும் சுருக்கொப்பம் இட வேண்டும். ஒயிட்னர் பழைய எண்ணை விழுங்கிவிடுகிறது. பிறகு நீதிபதிக்கு ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

2020 பிப்ரவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் குண்டு துளைக்காத உடையணிந்து, ராணுவக் காவலோடு நீதிமன்றம் வந்து, சுமார் 500 பக்கத் தீர்ப்பில் தேர்தலை ரத்து செய்தார்கள். ஜூன் 23 மறுதேர்தலில் சக்வேரா 58 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். கென்யாவைப் போல அல்லாமல் இங்கே முடிவே மாறியது. (எதிர்க்கட்சிகள் கூட்டணி சேர்ந்ததும், பெரும்பான்மை என்றால் பாதிக்கு மேல் என்று நீதிமன்றம் விளக்கியதும் அதற்குப் பெரிய காரணங்கள், ஒயிட்னர் கணக்கை மட்டும் வைத்து அந்த மாற்றத்தை அளக்கக் கூடாது.)

வெனிசுவேலாவின் தசமப் புள்ளி

2024 ஜூலை 28 அன்று வெனிசுவேலாவில் நடந்தது இந்த முறையின் உச்சம். அங்கே ஓட்டு இயந்திரத்தில் விழுகிறது. மாலையில் இயந்திரம் 'ஆக்தா' என்ற நீளமான ரசீதை அச்சிடும். அதில் ஒவ்வொருவருக்கும் எத்தனை என்பதோடு கியூஆர் குறியும் இருக்கும். கட்சிச் சாட்சிகளுக்கும் படி உண்டு. எதிர்க்கட்சி தன் ஆட்களுக்குக் கொடுத்த பயிற்சியின் சாரம், ஆக்தா கைக்கு வராமல் இடத்தை விட்டு நகராதே என்பதுதான். நாட்டில் 30,000-க்குச் சற்று அதிகமான இயந்திரங்கள். எண்பது சதவீதத்துக்கு மேற்பட்டவற்றின் ஆக்தாக்களைத் திரட்டி, ஸ்கேன் செய்து, இணையத்தில் போட்டுவிட்டார்கள். அவற்றின்படி எதிர்க்கட்சி வேட்பாளர் எட்முண்டோ கொன்சாலஸுக்கு ஏறக்குறைய 67 சதவீதம், பதவியில் இருந்த அதிபர் நிகோலஸ் மதுரோவுக்கு 30.

தேர்தல் ஆணையம் நள்ளிரவில் வாசித்த எண்கள்: மதுரோ 51,50,092 (51.2 சதவீதம்), கொன்சாலஸ் 44,45,978 (44.2), மற்றவர்கள் 4,62,704 (4.6). சாவடிவாரி விவரம் அன்றும் தரவில்லை, பிறகும் தரவில்லை. கால்குலேட்டரை எடுங்கள். மூன்றையும் கூட்டினால் 1,00,58,774. அதில் 51.2 சதவீதம் என்பது 51,50,092.288. 44.2 சதவீதம் 44,45,978.108. 4.6 சதவீதம் 4,62,703.604. மூன்றையும் முழு எண்ணாக்கினால் அறிவித்த எண்கள் அப்படியே வந்து நிற்கின்றன. உண்மையான ஓட்டை எண்ணிச் சதவீதம் எடுத்தால் 51.1837 என்பது போல ஏதாவது வால் தொங்கும். மூன்று எண்ணும் ஒரே நேரத்தில் வாலில்லாமல் வருகிறது என்றால், சதவீதத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அதிலிருந்து ஓட்டைத் தயாரித்தார்களோ என்று கேட்பதில் தவறில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தந்த அழைப்பை வெனிசுவேலா மே மாதமே திரும்பப் பெற்றிருந்தது. கார்ட்டர் மையத்தின் சிறு குழு உள்ளே இருந்தது. இந்தத் தேர்தலை ஜனநாயகத் தேர்தலாகக் கொள்ள முடியாது, முடிவைச் சரிபார்க்கவும் முடியவில்லை என்று அது அறிவித்தது.

கண்காணிப்பவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. அஜர்பைஜானில் 2013 அக்டோபர் 9 அன்று தேர்தல். அதற்கு முந்தைய நாளே ஆணையத்தின் செல்போன் செயலியில் அதிபர் அலியேவ் 72.76 சதவீதம் வாங்கியதாக முடிவு வந்துவிட்டது. சோதனைக்காகப் போட்டது, தவறி வெளியாகிவிட்டது என்று விளக்கம் சொன்னார்கள். ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் நிபுணர் குழு, தான் பார்த்த எண்ணிக்கைகளில் 58 சதவீதம் மோசம் என்று எழுதியது. அதே தேர்தலை ஐரோப்பிய எம்.பி.க்களின் தூதுக்குழு ஒன்று சுதந்திரமானது, நியாயமானது என்று பாராட்டியது. முன்னது வாரக்கணக்கில் தங்கியது. பின்னது சில நாள் வந்துபோனது.

நம் பக்கத்துக் கதவு

தமிழ்நாட்டில் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவர்களுக்கு இதெல்லாம் அந்நியமாக இருக்காது. ஓட்டுப்பதிவு முடிந்ததும் தலைமை அலுவலரிடமிருந்து அவர்கள் கையெழுத்திட்டு வாங்கும் படிவம் 17சி, 34ஏ-வின் பங்காளி. ஆனால் பாதிப் பங்காளிதான். இங்கே சாவடியில் எண்ணுவதில்லை. ஆகவே 17சி-யில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது, இயந்திரத்தின் எண் என்ன, முத்திரை எண் என்ன என்பதுதான் இருக்கும். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் மொத்தம் இதோடு ஒத்துப்போகிறதா என்று முகவர் பார்க்கலாம். ஏஜெண்ட் இல்லாத கட்சிக்கு அதுவும் இல்லை. 17சி விவரங்களை 48 மணி நேரத்துக்குள் இணையத்தில் போடச் சொல்லிக் கேட்ட வழக்கில், தேர்தல் நடுவே தலையிட முடியாது என்று 2024 மே 24 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தர மறுத்தது. இலங்கையிலும் ஜனாதிபதி, நாடாளுமன்றத் தேர்தல்களில் பெட்டிகள் எண்ணும் நிலையங்களுக்குப் பயணம் போகின்றன. அங்கே கண்காணிப்பவர் கண் வைக்க வேண்டியது முத்திரையின் மேலும் பெட்டி ஏறும் வண்டியின் மேலும்.

கென்யா 2022-ல் கதவையே இணையத்துக்குக் கொண்டுவந்தது. 46,229 சாவடிகளில் ஏறக்குறைய எல்லாவற்றின் 34ஏ படங்களையும் ஆணையம் பொதுத் தளத்தில் ஏற்றியது. யார் வேண்டுமானாலும் இறக்கிக் கூட்டலாம். வில்லியம் ரூட்டோ 50.49 சதவீதம், ஒடிங்கா 48.85. ஆணையத்தின் ஏழு பேரில் நான்கு பேர், இந்த முடிவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று வெளியேறினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தளத்தில் இருந்த படங்களும் அசல் காகிதங்களும் பொருந்துகின்றன என்று தேர்தலை உறுதி செய்தார்கள்.

அந்த நால்வர் பத்திரிகையாளர்களிடம் சொன்ன காரணங்களில் ஒன்று, நான்கு வேட்பாளர்களின் சதவீதத்தையும் கூட்டினால் 100.01 வருகிறது, அந்தக் கூடுதல் 0.01 என்பது சுமார் 1,42,000 ஓட்டு என்பது. செல்லுபடியான ஓட்டுகள் ஏறக்குறைய 1.42 கோடி. அதில் 0.01 சதவீதம் 1,420. கூடுதலாகத் தெரிந்ததும் ஓட்டே அல்ல. நான்கு சதவீதங்களையும் இரண்டு தசமத்துக்குச் சுருக்கியதால் வந்தது. கென்யர்கள் பலர் உடனே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.